ஒரு கார் தட்டுகிறது, மற்றது தட்டுவதில்லை, ஏன்?

பெட்ரோலில் ஓடும் பழைய அம்பாசடர் கார்களைப் பேணி வருவோர் அலிப்பூரில் இன்னும் சிலர் உளர். ஹூக்ளி ஆற்றின் அக்கரையில், உத்தரபாராவில் 2014 வரை உருவான வண்டி அது. இரண்டு வண்டிகளை ஒரே மெக்கானிக் ஒரே நாளில் டியூன் செய்கிறார். ஒரே பங்க்கில் பெட்ரோல் போடுகிறார்கள். ஆயினும் மாஜேர்ஹாட் பாலத்தின் ஏற்றத்தில் ஒன்று ‘டிக் டிக்’ என்று தட்டுகிறது. மற்றது வாய் திறப்பதில்லை.

உடனே பழி டிரைவர்மீது விழுகிறது. பெட்ரோலை விற்றுவிட்டு மண்ணெண்ணெய் கலந்தான் என்கிறார்கள். எங்கள் தெருவில் ஒருவருக்கு இதனால் வேலையே போக இருந்தது. சொந்தமாகச் சைக்கிள்கூட இல்லாத நான் இதில் தலையிடுவது அதனால்தான். மண்ணெண்ணெய் கலந்தால் எஞ்சின் தட்டும் என்பது மெய். தட்டினாலே மண்ணெண்ணெய் என்பது தர்க்கமாகாது.

ஸ்பார்க் பிளக்கில் பிறந்த தீ சிலிண்டரின் மறுகோடிவரை சீராகப் பரவ வேண்டும். அது போய்ச் சேருமுன், அங்கே எஞ்சிய கலவை அழுத்தமும் வெப்பமும் தாளாமல் தானே வெடித்துவிட்டால், அழுத்த அலை சுவர்களில் மோதுகிறது. நாம் கேட்கும் தட்டல் அதுவே. தீ முந்துமா, வெடிப்பு முந்துமா என்ற இப்பந்தயத்தை மிகச் சிறு வேறுபாடும் மாற்றிவிடும்.

டியூன் செய்பவர் தொடுவது பற்றவைக்கும் நேரத்தையும் கார்புரேட்டர் கலவையையும்தான். உள்ளே படிந்த கரியை அவர் தொடுவதில்லை. முதற்குற்றவாளி அக்கரியே என்பது என் கருத்து. அது இடத்தை அடைத்து அழுத்தத்தைக் கூட்டுகிறது. வெப்பம் வெளியேறாமல் போர்வைபோல் மூடியும் கொள்கிறது. நெரிசலில் நின்று நின்று, சிறு தொலைவே ஓடும் வண்டியில் கரி அதிகம் சேரும். கடின நீர் ஊற்றிய வண்டியில் நீர்ப்பாதையில் உப்புப் படியும், சூடு தணியாது. தேய்ந்த பிஸ்டன் வளையம் வழியே மேலேறும் எஞ்சின் ஆயிலும் தட்டலை வளர்க்கும். டிஸ்ட்ரிபியூட்டரின் சுருள்வில் தளர்ந்திருந்தாலோ, நிற்கும்போது சரியாயிருக்கும் நேரம் வேகமெடுக்கையில் அளவுக்கு மீறி முந்திவிடும். மெக்கானிக் பார்த்தது நிற்கும் வண்டியை!

காற்றின் ஈரமும் இதில் சேர்த்தி. அலிப்பூர் வானிலை நிலையம் தரும் கணக்கைப் பார்த்தால் மழைக்கால ஈரம் எத்துணை என்று விளங்கும். ஈரக் காற்று தட்டலை அடக்கும். ஆகவே ஆடியில் மௌனமாயிருந்த வண்டி தையில் தட்டினால் அதற்கும் டிரைவரைக் கேட்பது முறையன்று.

புதிய கார்களில் தட்டலை உணரும் கருவி பற்றவைப்பைத் தானே பின்தள்ளிவிடும். ஓசை அடங்கும், இழுவை குறையும்.

ஐயம் தீர எளிய வழி உண்டு. இரு வண்டிகளின் பெட்ரோலையும் வடித்து, ஒன்றினதை மற்றொன்றில் ஊற்றி, அதே நாளில் அதே பாலத்தில் அதே கியரில் ஏற்றிப் பாருங்கள். தட்டல் பெட்ரோலோடு இடம் மாறினால் டிரைவரை விசாரிக்கலாம். பழைய வண்டியிலேயே தங்கினால் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிக் கரியைச் சுரண்டச் சொல்லுங்கள்.