யானையின் தீனியும் நம் கேழ்வரகும்

பசுவும் யானையும் இலைதழை தின்று வாழ்வனவே. ஆயினும் தின்றதைச் செரிக்கும் வகையில் இரண்டிற்கும் வேற்றுமை பெரிது. பசு விரைந்து மேய்ந்து, நிழலில் படுத்து அசை போடுகின்றது; நான்கு அறைகள் கொண்ட அதன் இரைப்பையில் நுண்ணுயிர்கள் நாரைப் பக்குவப்படுத்துகின்றன. யானை அசை போடுவதில்லை. அவ்வேலை அதன் பெருங்குடலில் நடைபெறுகின்றது. உணவும் விரைவில் கடந்து போய்விடுகின்றது. ஆதலின் தின்றதில் பாதிக்கு மேல் செரியாமலே வெளிப்படும். இலத்தியைக் கிளறினால் நாரையும் விளாம்பழ விதையையும் நாமே காணலாம். இக்குறையை ஈடுசெய்ய, வளர்ந்த யானை நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ பசுந்தீவனம் தேடுகின்றது. பொழுதின் பெரும்பகுதி அதற்கு மேய்ச்சலிலேயே கழிகின்றது.

அறிஞர் இராமன் சுகுமார் 1981 முதல் 1983 வரை சத்தியமங்கலம், பிலிகிரிரங்கன் மலைப் பகுதிக் காடுகளில் யானைகளைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். அவை 112 வகைத் தாவரங்களை உண்ணக் கண்டார். மழைக்குப் பின் துளிர்க்கும் இளம்புல்லின் நுனியை விரும்பும் யானை, புல் முற்றியதும் அதை வேரோடு பிடுங்கி, அடித்தண்டை மட்டும் தின்கின்றது; பின்னர் மரத்தழைக்கும் பட்டைக்கும் மாறுகின்றது. காட்டுப்புல் இவ்வாறு சாரமற்றுப் போகும் கார்த்திகை, மார்கழியில்தான் நம் மானாவாரிக் கேழ்வரகு கதிர் முற்றுகின்றது. அப்புல்லைவிடக் கேழ்வரகில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் உப்புச்சத்தும் மிகுதி. பசியால் மட்டுமன்றி, சத்தை நாடியும் யானை வருகின்றது என்பதே நாம் கொள்ளத்தக்க விளக்கம். கூட்டத்தைக் காட்டிலும் ஆண் யானைகளே அடிக்கடி வயலில் இறங்குவதாகவும் அவர் கண்டார்.

நட்டமடைந்த குடியானவரின் கோபம் நமக்கு விளங்காததன்று. ஓராண்டு உழைப்பு ஓரிரவில் போவது சிறிய இழப்பா? எனினும் மின்கம்பியிலிருந்து மின்சாரத்தை நேரே வேலியில் பாய்ச்சுவது காவல் ஆகாது. 2023 மார்ச்சு 7ஆம் நாள், நம் பாலக்கோடு வட்டத்து மாரண்டஹள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டன. உடன் வந்த இரு குட்டிகள் உயிர் தப்பின. அத்தகைய கம்பி இருளில் மாட்டையும் மனிதரையும் வேறுபடுத்தி அறியாது. மின்வேலிகளைப் பதிவு செய்து முறைப்படுத்தும் விதிகளை அவ்வாண்டிலேயே தமிழக அரசு வெளியிட்டது.

கதிர் முற்றும் அந்தச் சில வாரங்களுக்கேனும், காட்டோர நிலத்தார் ஒன்றுகூடி முறைவைத்து இரவுக்காவல் இருத்தல் நலம். அறுத்த கதிரை வயலில் குவித்து வைக்காமல் உடனே களத்திற்குக் கொண்டு சேர்க்கவேண்டும். பயிர் சேதமுற்றால், அதன் அடையாளம் அழியுமுன் வனத்துறை அலுவலகத்தில் தெரிவித்து இழப்பீடு கோரலாம்.