பிரியாணி டப்பாவுக்குள்ள ஒரு ராஜ்யம்: எறும்புக் கூடு நாமே செய்வது எப்படி?



எறும்பைப் பார்த்ததும் நம்ம வீட்டுல முதல்ல தேடுறது எறும்பு சாக்பீஸ்தான். இந்தக் கட்டுரை அதுக்கு நேர் எதிர். எறும்பை வீட்டுக்குள்ள கூப்பிட்டு, ரூம் போட்டு, சாப்பாடும் போட்டு, அது எப்படி வாழுதுன்னு உட்கார்ந்து பார்க்கப் போறோம். இதுக்குன்னு பெருசா எதுவும் வாங்க வேண்டாம். குப்பைக்குப் போற டப்பாக்களே போதும்.

"இதுக்கும் இன்ஜினியரிங்குக்கும் என்ன சம்பந்தம்?"னு கேக்கறீங்களா? கண்ணாடி வழியா உள்ளே பார்க்கிற மாதிரி செயற்கை எறும்புக் கூட்டை உருவாக்கியவர்னு சொல்லப்படுறவரே ஒரு இன்ஜினியர்தான். பிரான்ஸைச் சேர்ந்த சார்ல் ஜானே. 1900-ல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் அவரோட கூடு காட்சிக்கு வைக்கப்பட்டது. முப்பரிமாணக் கூட்டை ஏறக்குறைய இருபரிமாணமா சுருக்கி, கண்ணாடிக்குப் பின்னால் வைக்கிறதுதான் ஐடியா. நாமும் அதையே செய்யப் போறோம், கண்ணாடிக்குப் பதிலா ஸ்வீட் பாக்ஸில்.

முதல்ல ராணி

வாசல்ல ஓடுற பத்து வேலைக்கார எறும்பைப் பிடிச்சுப் போட்டா அது காலனி ஆகாது. முட்டையிட ராணி இல்லைன்னா, இருக்கிறதெல்லாம் ஒவ்வொன்னா செத்து கூடு காலியாயிடும். அதுக்காக இருக்கிற புற்றைத் தோண்டி ராணியை எடுக்காதீங்க. அங்கே ஒரு காலனியே அழிஞ்சு போகும்.

மழை பெஞ்ச பிறகு சாயங்காலம், ராத்திரி நேரத்துல ட்யூப்லைட்டைச் சுத்தி இறக்கை முளைச்ச எறும்புகள் வரும். அதுல இறக்கையோட பறக்கிறதை விட்டுடுங்க. இறக்கையை உதிர்த்துட்டு தரையில தனியா நடக்கிற பெரிய எறும்பைத் தேடுங்க. மார்புப் பகுதி தடிச்சு, இறக்கை இருந்த தழும்பு தெரியும். பெரும்பாலும் அது இனச்சேர்க்கை முடிஞ்ச ராணி.

நம்ம ஊர்ல ஆரம்பிக்க நல்ல இனம், பெரிய கருப்புக் கட்டெறும்பு. அறிவியல் பெயர் கம்போனோட்டஸ் கம்ப்ரெஸ்ஸஸ். பெருசா இருக்கிறதால கண்ணுக்கு நல்லா தெரியும், சின்ன ஓட்டையில தப்பிக்கவும் முடியாது. சிவப்பா கடிக்கிற வகைகளை விட்டுடுங்க, ரூம்மேட் பாவம்.

தொடக்க வீடு: ஒரு சிரிஞ்ச்

ராணியை நேரா பெரிய கூட்டுல விடக்கூடாது. டெஸ்ட் டியூப் இருந்தா நல்லது. இல்லைன்னா மெடிக்கல்ல ஒரு புது 20 மில்லி சிரிஞ்ச் வாங்குங்க (பழசு வேண்டாம்). நுனியை க்ளூ கன்னால அடைச்சு, மூணுல ஒரு பங்கு தண்ணி ஊத்தி, தண்ணியைத் தொடுற மாதிரி பஞ்சைத் தள்ளுங்க. பஞ்சு எப்பவும் ஈரமா இருக்கும், ஆனா தண்ணி வழியாது. ராணியை விட்டு, வாயை இன்னொரு பஞ்சால மூடி, துணி சுத்தி இருட்டான இடத்துல வைங்க.

இப்போ முக்கியமான விஷயம்: சாப்பாடு போடாதீங்க. இனி பறக்கத் தேவையில்லாத இறக்கைத் தசைகளையும், உடம்பிலிருக்கிற கொழுப்பையும் கரைச்சுத்தான் கட்டெறும்பு ராணி முதல் குழந்தைகளை வளர்க்கும். வாரத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்தா போதும். சூட்டைப் பொறுத்து ஒன்னு ரெண்டு மாசத்துல முதல் வேலைக்காரங்க வருவாங்க. இந்த முதல் பேட்ச் மட்டும் உருவத்துல சின்னதா இருக்கும். ராணிகிட்ட இருந்த பட்ஜெட் அவ்வளவுதான்!

பெரிய வீடு: ஸ்வீட் பாக்ஸ் + பிளாஸ்டர்

15, 20 எறும்பு ஆன பிறகு இதைக் கொடுங்க. முன்னாடியே பெரிய வீடு கொடுத்தா காலி ரூம்களை குப்பைத் தொட்டி ஆக்கிடும்.

தேவையானவை: அடிப்பக்கம் தெளிவா தெரியிற ஸ்வீட் பாக்ஸ், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், குழந்தைங்க விளையாடுற க்ளே, ஒரு ஸ்கெட்ச் பேனா மூடி, மீன் தொட்டி டியூப் (உள்விட்டம் 8 முதல் 10 மி.மீ.), பிரியாணி டப்பா, பழைய டீ வடிகட்டி.

1. பாக்ஸின் உள்ளே, அடித்தளத்துல க்ளேயால மூணு நாலு ரூமும், அதை இணைக்கிற பாதையும் ஒட்டுங்க. உயரம் சுமார் 1 செ.மீ. ஒரு பாதை பாக்ஸின் பக்கச் சுவரைத் தொடணும். அதுதான் வாசல்.

2. ஒரு மூலையில, ரூமிலிருந்து 1 செ.மீ. தள்ளி, பேனா மூடியை க்ளே வெச்சு நிறுத்துங்க. இது தண்ணிக் கிணறு.

3. ஒரு பங்கு தண்ணியில ரெண்டு பங்கு பவுடரைத் தூவிக் கலக்குங்க. கட்டி இல்லாம, தோசை மாவு பதத்துக்கு வந்ததும் சீக்கிரம் ஊத்தணும். கொஞ்ச நேரத்துல பாக்ஸ் சூடாகும். பயப்படாதீங்க, தண்ணியோட சேர்ந்து ஜிப்சமா மாறும்போது வெப்பம் வெளியாகுது. மிச்சத்தை மட்டும் வாஷ்பேசின்ல ஊத்தாதீங்க. பைப்புக்குள்ளேயும் அதே கெமிஸ்ட்ரிதான் நடக்கும்.

4. இறுகினதும் பாக்ஸை லேசா வளைச்சு கட்டியை வெளியே எடுத்து, க்ளேயையும் மூடியையும் சுரண்டி எடுங்க. நாலஞ்சு நாள் நல்லா காயட்டும்.

5. திரும்ப உள்ளே வெச்சு, மூடி போட்டு, கவிழ்த்துடுங்க. பாக்ஸின் அடிப்பக்கம் இப்போ மேலே ஜன்னலா இருக்கும். வாசலுக்கு நேரா டியூப் அளவுக்கு ஒரு ஓட்டை, கிணத்துக்கு நேரா மேலே சின்ன ஓட்டை போடுங்க.

6. டியூபின் மறுமுனையை பிரியாணி டப்பாவுல சேருங்க. இது எறும்போட கடைத்தெரு, சாப்பாடும் குப்பையும் இங்கேதான். மூடியில ஓட்டை போட்டு டீ வடிகட்டி வலையை ஒட்டினா காத்துக்கு காத்து, காவலுக்கு காவல்.

தப்பிக்காம இருக்க, டால்கம் பவுடரை சர்ஜிக்கல் ஸ்பிரிட்ல குழைச்சு டப்பாவோட மேல் விளிம்பின் உள்பக்கம் பூசுங்க. ஸ்பிரிட் முழுசா ஆவியான பிறகுதான் எறும்பை விடணும். உதிரும் பவுடர்ல எறும்போட காலுக்குப் பிடிப்பு கிடைக்காது, சறுக்கிடும். கூடுதல் பாதுகாப்புக்கு எல்லாத்தையும் தண்ணி ஊத்தின தட்டுல வைங்க. சர்க்கரை டப்பாவுக்கு அம்மா செய்ற அதே டெக்னிக், இங்கே ரிவர்ஸ்ல.

உள்ளே என்ன நடக்குது?

கிணத்துல சில சொட்டு தண்ணி விட்டா, பிளாஸ்டரின் நுண்துளைகள் அதை உறிஞ்சும். கிணத்துப் பக்கத்து ரூம் ஈரமாவும், தூரத்து ரூம் காய்ஞ்சும் இருக்கும். இந்த வித்தியாசம்தான் டிசைனோட உயிர். எந்த ரூம் வசதின்னு எறும்பே தேர்ந்தெடுத்து குஞ்சுகளை இடம் மாத்தும். எறும்பு வாயில தூக்கிட்டுப் போற அரிசி மாதிரி வெள்ளையா இருக்கிறதை முட்டைன்னு நினைச்சிருப்போம். கட்டெறும்புல அது கூட்டுப்புழு. முட்டை அதைவிட ரொம்பச் சின்னது.

சாப்பாட்டுக்கு சர்க்கரைத் தண்ணி ஒரு சொட்டு, வாரத்துல ரெண்டு மூணு தடவை மருந்து அடிக்காம செத்த கரப்பான் துண்டு. புரதம் முக்கியமா புழுக்களுக்குத்தான். வளர்ந்த எறும்பு திடப்பொருளை விழுங்காது. திரவத்தை ஒரு தனி வயித்துல சேமிச்சு, வாயோட வாய் வெச்சு மத்தவங்களுக்குப் பகிரும். சர்க்கரைத் தண்ணியில கொஞ்சம் ஃபுட் கலர் சேர்த்துப் பாருங்க. சிலது குடிச்ச கலர் பலரோட வயித்துல தெரிய ஆரம்பிக்கும்.

சிவப்பு கண்ணாடித்தாளால ஜன்னலை மூடுங்க. எறும்புக்கு சிவப்பு ஒளி சரியா தெரியாது, அதுக்கு இருட்டு, நமக்கு வெளிச்சம். வெயில்ல மட்டும் வைக்காதீங்க, சில நிமிஷத்துல பாக்ஸ் அடுப்பாயிடும்.

ஆரம்பிக்கும் முன் ஒரு கேள்வி

கருப்புத் தோட்ட எறும்பு இனத்தின் ஒரு ராணி, ஆய்வகத்துல 28 வருஷத்துக்கு மேல வாழ்ந்திருக்கு. எல்லா ராணியும் அப்படி இல்லை, ஆனாலும் உங்க ராணி நம்ம நாலு வருஷ கோர்ஸைத் தாண்டி வாழலாம். ஃபைனல் இயர் முடிஞ்சு, வேலை பெங்களூர்லன்னா யார் பார்த்துக்குவா? ஜூனியரா, தம்பியா? இதுக்குப் பதில் இருந்தா மட்டும் ராணியைப் பிடிங்க.

முடியலைன்னா, பிடிச்ச அதே இடத்துலயே விடுங்க. வேற ஊர்ல விடாதீங்க, ஆன்லைன்ல வெளியூர் இனம் வாங்கவும் வேண்டாம். 2022-ல் திண்டுக்கல் மாவட்டம் கரந்தமலை ஊர்களை மஞ்சள் பைத்தியக்கார எறும்பு என்ன பாடுபடுத்துச்சுன்னு செய்தியில பார்த்தோம். அதே இனம் கிறிஸ்துமஸ் தீவுல கோடிக்கணக்கான சிவப்பு நண்டுகளைக் கொன்னது. தப்பான இடத்துக்குப் போனா ஒரு எறும்பு அவ்வளவு செய்யும்.

அடுத்த மழைக்கு முன்னாடி ஒரு சிரிஞ்சும் கொஞ்சம் பஞ்சும் ரெடியா வைங்க. ஸ்வீட் பாக்ஸ் மெதுவா கிடைக்கும், எப்படியும் யாருக்காவது பிளேஸ்மென்ட் ஆகும்ல!