கேமியோ: கல்லில் லேயர் பார்த்துச் செதுக்கியவர்கள்

ரெண்டு வருஷம் முன்னாடி ஆன்லைன்ல ஒரு ப்ரூச் வாங்கினேன். "விக்டோரியா காலத்துச் சங்கு கேமியோ, கையால் செதுக்கியது" என்று போட்டிருந்தார்கள். பழுப்புப் பின்னணியில் வெள்ளையாக ஒரு பெண்ணின் பக்கவாட்டு முகம். விலை கொஞ்சம் அதிகம்தான், வீட்டில் பாதி விலைதான் சொன்னேன். பார்சல் வந்ததும் லென்ஸை எடுத்துப் பார்த்தால், மூக்கின் ஓரத்தில் குண்டூசி முனை அளவுக்கு ஒரு காற்றுக்குமிழிப் பள்ளம். சங்கில் ஏது காற்றுக்குமிழி? அச்சில் ஊற்றி எடுத்த பிளாஸ்டிக். அந்தக் கடுப்பில் படிக்க ஆரம்பித்ததுதான் இந்தக் குறிப்புகள்.

முதலில் பெயர். கல்லைக் குடைந்து உருவத்தை உள்ளே இறக்கினால் அது இன்டாக்லியோ. முத்திரை மோதிரம் எல்லாம் அந்த வகை. மெழுகில் அழுத்தினால் உருவம் வெளியே புடைத்து விழும். கேமியோ இதற்கு நேர் எதிர். சுற்றியிருப்பதை எல்லாம் எடுத்துவிட்டு உருவத்தை மட்டும் மேலே நிறுத்துவது. இது அலெக்ஸாண்டருக்குப் பிந்தைய கிரேக்க உலகில் வளர்ந்து, ரோமில் அகஸ்டஸ் காலத்தில் உச்சத்துக்குப் போன கலை.

இதற்குப் பிடித்தமான கல் சார்டோனிக்ஸ். அகேட் குடும்பம், வெள்ளையும் பழுப்பும் அடுக்கடுக்காக இருக்கும். போட்டோஷாப்பில் லேயர் வைத்து வேலை செய்கிற மாதிரிதான், ஆனா லேயர்களை முடிவு செய்வது கல், நீங்கள் இல்லை. அடுக்கு எங்கே தடிமன், எங்கே வளைகிறது என்று பார்த்துத்தான் முகத்தை எங்கே வைப்பது, தலைமுடியை எந்த நிறத்தில் விடுவது என்று யோசிக்க முடியும். வெள்ளை அடுக்கை மெல்லிசாகத் தேய்த்தால் கீழே இருக்கும் கருமை தெரிந்து நீலச் சாம்பல் நிறம் வரும். துணி மடிப்பின் நிழல் இப்படித்தான் கிடைக்கிறது. பெயின்ட் கிடையாது, எல்லாமே தடிமன் கணக்கு. அரை மில்லிமீட்டர் அதிகமாகப் போனால் கன்னத்தில் கருப்பு எட்டிப் பார்க்கும். கண்ட்ரோல் இசட் இல்லை.

வியன்னாவில் இருக்கும் ஜெம்மா அகஸ்டியா ரெண்டே அடுக்குதான், 19 சென்டிமீட்டர் உயரம், 23 அகலம். பாரிஸில் இருக்கும் 'பிரான்ஸின் பெரிய கேமியோ' ஐந்து அடுக்கு, 31 சென்டிமீட்டர் உயரம், 24 உருவங்கள். மாமன்னர் டைபீரியஸின் குடும்பத்தைக் காட்டும் இந்தக் கல்லை இடைக்காலத்தில் பைபிளில் வரும் யோசேப்பு, பார்வோன் அரசவையில் இருக்கும் காட்சி என்று நினைத்து தேவாலயத்தில் வைத்திருந்தார்கள். ரோமானிய அரசியல் பிரச்சாரத்துக்கு அதைவிடப் பாதுகாப்பான இடம் ஏது!

எப்படிச் செதுக்கினார்கள் என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. இந்தக் கல்லின் கடினம் மோஸ் அளவில் 7 பக்கம். சாதாரண இரும்பு உளி அதில் கீறல்கூடப் போடாது. அப்புறம்? வெட்டுவது கருவி இல்லை, தூள். வில்லின் நாணைச் சுற்றி முன்னும் பின்னும் இழுத்தால் சுழலும் ஒரு தண்டு. அதன் நுனியில் உலோகத்தில் ஒரு குட்டிச் சக்கரமோ உருண்டையோ. எண்ணெயில் குழைத்த எமரித் தூளை அந்த நுனியில் தடவுவார்கள். எமரியில் இருக்கும் குருந்தத்தின் கடினம் 9. அதுதான் கல்லை அரைக்கிறது. நம்ம ஊர் சாணை பிடிக்கிற தத்துவமேதான். இதில் கொடுமை என்னன்னா, அந்தக் குழம்பு செதுக்கும் இடத்தையே மறைத்துவிடும். கொஞ்சம் அரைக்கணும், துடைக்கணும், பார்க்கணும், மறுபடி அரைக்கணும்.

நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. உஜ்ஜைனியிலிருந்து ஓனிக்ஸ் கற்கள் பரூச் துறைமுகத்துக்கு வந்து கப்பல் ஏறியதை முதல் நூற்றாண்டின் பெரிப்ளூஸ் சொல்கிறது. வைரச் சில்லுகளை இரும்பில் பதித்துச் செதுக்குவோர் பயன்படுத்தியதை பிளினி எழுதியிருக்கிறார். அன்றைக்கு வைரத்துக்குப் பேர் போன இடம் இந்தியா.

கல்லின் நிறத்தில்கூடத் தகிடுதத்தம் உண்டு. ஜெர்மனியின் இடார்-ஓபர்ஸ்டைனில் 19-ஆம் நூற்றாண்டில் பிரபலமான முறை: சாம்பல் நிற அகேட்டைத் தேன் அல்லது சர்க்கரைக் கரைசலில் வாரக்கணக்கில் ஊறவைத்து, பிறகு கந்தக அமிலத்தில் போடுவார்கள். நுண்துளைகளுக்குள் போன சர்க்கரை கரியாகி, கல் கருகருவென்று மாறும். நுண்துளை குறைந்த வெள்ளை அடுக்கு கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். ஸ்கூல் லேபில் சர்க்கரையில் அமிலம் ஊற்றிப் பார்த்தோமே, அதே வேதியியல்.

வெறும் கண்ணால் காலத்தைச் சொல்ல முடியுமா என்றால், பெரிய ஆட்களே சறுக்கியிருக்கிறார்கள். ரிச்சர்ட் பெய்ன் நைட், லண்டனின் முக்கியமான சேகரிப்பாளர். அவரிடம் ஃப்ளோரா தேவதையின் தலை செதுக்கிய ஒரு கேமியோ இருந்தது. பண்டைய வேலை என்று உறுதியாக நம்பினார். தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸ் வீட்டில் அதைக் காட்டியபோது, அங்கே இருந்த இத்தாலியச் செதுக்குநர் பெனெடெட்டோ பிஸ்ட்ருச்சி, "இது நான் செய்தது" என்றார். நைட் ஒப்புக்கொள்ளவில்லை. தலையில் இருப்பது மாதுளம்பூ என்று வாதாடினார். பேங்க்ஸ் பார்த்துவிட்டு ரோஜா என்றார். பிறகு அதே பிஸ்ட்ருச்சி வடிவமைத்ததுதான் பிரிட்டிஷ் தங்கக் காசில் வந்த, டிராகனைக் குத்தும் செயின்ட் ஜார்ஜ். அந்த ஃப்ளோரா இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில், பிஸ்ட்ருச்சி பெயரில். என் ஏமாற்றம் எல்லாம் அதற்கு முன்னால் எம்மாத்திரம்.

சரி, சங்குக்கு வருவோம். 19-ஆம் நூற்றாண்டில் சுற்றுலாப் பயணிகள் பெருகியதும் கல்லுக்குப் பதிலாகச் சங்கு பெருவாரியாக வந்தது. நேப்பிள்ஸ் பக்கத்தில் இருக்கும் டோரே தெல் கிரேகோ இன்றைக்கும் இதன் தலைநகரம். கடினம் 3.5 அளவுதான் என்பதால் சங்கை நேரடியாகக் கையுளியால் செதுக்கலாம். வெட்டிய துண்டை ஒரு மரக்கட்டையில் குங்கிலியம் மாதிரியான பிசினால் ஒட்டி, இடது கையில் பிடித்துக்கொண்டு வேலை செய்வார்கள். பயன்படுவது ஹெல்மெட் சங்கு வகைகள். ஆரஞ்சுச் சாயல் கொண்டது கிழக்கு ஆப்பிரிக்கக் கடலில் கிடைப்பது. கரும்பழுப்புக்குப் பெயர் போன இன்னொன்றின் அறிவியல் பெயரில் மடகாஸ்கர் வருகிறது, ஆனால் அது வாழ்வது கரீபியன் கடலில். பெயர் வைத்தவர் சறுக்கிவிட்டார். நம்ம வளையல் அறுக்கும் சங்கு உள்ளே வெளியே எல்லாம் வெள்ளை. அதனால் கேமியோவுக்கு ஆகாது.

பரிசோதனை எளிது. உண்மையான சங்கு கேமியோவை விளக்குக்கு எதிரே பிடித்தால் பின்னணி வழியாக வெளிச்சம் ஊடுருவும். பின்பக்கம் சங்கின் வளைவால் லேசாகக் குழிந்திருக்கும். லென்ஸில் உளி போன கோடுகள் தெரியும், ஒன்று போல் இன்னொன்று இருக்காது. வார்த்த பிளாஸ்டிக்கில் ஓரங்கள் மொழுக்கென்று உருண்டிருக்கும், தொட்டால் குளிர்ச்சி இருக்காது. என்னுடையதில் பின்பக்கம் தட்டை, வெளிச்சம் வரவே இல்லை, கோடு ஒன்றுகூட இல்லை. வாங்கும் முன் விற்றவரிடம் பின்பக்கப் படம் ஒன்று கேட்டிருந்தால் போதும், கேட்கவில்லை.

ப்ரூச்சைத் திருப்பி அனுப்பவில்லை. மானிட்டர் பக்கத்தில்தான் இருக்கிறது. வீட்டில் அதன் உண்மையான விலையை இன்னும் சொல்லவில்லை.