மண்ணுக்கும் மூச்சு வேண்டும்

எங்கள் வீட்டுத் திண்ணையில் இரண்டடி உயரத்தில் மண்ணால் ஆன ஒருத்தி நிற்கிறாள். இடுப்பில் பிள்ளை. நேர்த்திக்கடனுக்கென்று சொல்லிவிட்டுப் போனவர்கள் வாங்க வரவேயில்லை. அவளைச் சுட்டதுதான் அப்பா போட்ட கடைசிச் சூளை.

விளாத்திகுளத்தைச் சுற்றி எங்கும் கரிசல். பருத்திக்கும் மிளகாய்க்கும் அது தாய். பானைக்கு மட்டும் தனியாக ஆகாது. ஈரத்தில் ஊதி, வெயிலில் சுருங்கி, பாளம் பாளமாகப் பிளந்துவிடும். அப்பா கண்மாய்க் களிமண்ணோடு வைப்பாற்று மணலைக் கலப்பார். மிதிப்பது அம்மாவும் நானும். காலில் பொடிக்கல் தட்டுப்பட்டாலும் குனிந்து எடுத்துவிட வேண்டும்.

சக்கரத்தில் வனைந்த குடத்தைக் கவிழ்த்தால் அவளுக்கு இடுப்பு வந்துவிடும். அதன்மேல் மண்ணைத் திரித்துத் திரித்து ஏற்றி, உள்ளே கூழாங்கல்லை ஏந்திக்கொண்டு வெளியே பலகையால் தட்டித் தட்டித் தோளை எழுப்புவார். உடம்பு கூடாகத்தான் இருக்கும். முதுகில் ஒரு துளை. அது இல்லாவிட்டால் உள்ளே அடைபட்ட ஈரம் ஆவியாகி, சூளையிலேயே உருவை வெடிக்க வைத்துவிடும். "அவளுக்கும் மூச்சு விட இடம் வேணும் தாயி" என்பார். கண் வைப்பது எல்லாவற்றுக்கும் கடைசி.

பிள்ளைவரம் கேட்டவர்களும் பிரசவத்தில் பிழைத்து வந்தவர்களும் இந்த உருவைச் சுமந்துபோய் அம்மன் கோவிலில் வைப்பார்கள். வைத்ததோடு கடன் தீர்ந்தது. பிறகு வெயிலும் மழையும் பார்த்துக்கொள்ளும்.

மண்ணில் பெண் உரு எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. எங்கள் மாவட்டத்து ஆதிச்சநல்லூரில், 2004-05 அகழாய்வில், தி. சத்தியமூர்த்தி குழுவினர் ஒரு பானைத் துண்டை எடுத்தார்கள். இறந்தவர்களைத் தாழிக்குள் வைத்துப் புதைத்த காடு அது. துண்டில் கைகளை விரித்து நிற்கும் ஒல்லியான பெண். பக்கத்தில் கதிர், கொக்கு, மான், முதலை. எல்லாமே மண்ணை உருட்டி ஒட்டியவை. படத்தைப் பார்த்ததும் எனக்கு அப்பாவின் விரல்தான் ஞாபகம் வந்தது.

கடல் கடந்தும் எங்கள் திண்ணையில் நிற்பவளுக்கு உறவு உண்டு. நைஜீரியாவின் யொருபா மக்கள் எயின்லே என்ற ஆற்றுத் தெய்வத்துக்கு வைக்கும் பானையின் மூடியில் ஒரு பெண் உருவம் இருக்கும். உள்ளே ஆற்றுக் கல்லும் ஆற்று நீரும். அந்தப் பானை வனைவதில் பேர்பெற்றவர் அபாத்தான் என்ற பெண்மணி, 1967இல் காலமானார். அங்கே பானை வனைவது பெண்கள் வேலை. இங்கேயோ என்னைச் சக்கரத்தில் உட்கார விட்டதே இல்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது கோவில்களில் சிமெண்டுச் சிலைகள் வந்துவிட்டன. நேர்த்தி இருப்பவர்கள் ஒருமுறை மண் வனையும் வேளார் வீட்டுப் படியேறிக் கேளுங்கள். நிழலில் மெல்லக் காய்ந்தால்தான் உரு தாங்கும். பங்குனிப் பொங்கலுக்கு வேண்டுமென்றால் தை பிறந்ததுமே சொல்லிவிடுங்கள்.