பழைய படகுக்கு மறுவாழ்வு

அமெரிக்காவின் வடபகுதியில் உள்ள மினசோட்டா மாநிலத்தில், 10 ஏக்கரும் அதற்கு மேலும் பரப்பளவு கொண்ட ஏரிகள் மட்டும் 11,842 உள்ளன. அங்குள்ள பல வீடுகளின் கார் கொட்டகையில் ஒரு சிறிய அலுமினியப் படகையும் காணலாம். குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்துவிடும். படகுகளுக்கு வேலை இராது. அந்த மாதங்களில் பலர் தங்கள் பழைய படகுகளைச் செப்பனிடத் தொடங்குகின்றனர். தாத்தா மீன்பிடித்த படகைப் பேரன் எடுத்துப் புதுப்பிப்பான். வேறொருவர் கைவிட்ட படகை ஒரு குடும்பம் குறைந்த விலைக்கு வாங்கி வந்து சீர்செய்யும்.

ஐம்பது, அறுபது ஆண்டுகள் பழைமையான படகு மீண்டும் நீரில் இறங்குவது எப்படி? பராமரிப்பின்றிக் கிடக்கும் மரப்படகு உளுத்துவிடும். இரும்புப் படகு துருப்பிடித்துவிடும். அலுமினியம் மட்டும் இவ்வளவு காலம் தாங்குவதற்கு ஓர் அறிவியல் காரணம் உண்டு.

அலுமினியம் காற்றில் உள்ள ஆக்சிஜனுடன் விரைவாக வினைபுரியும். அதனால் அதன் மேற்பரப்பில் அலுமினிய ஆக்சைடு என்னும் மெல்லிய படலம் உருவாகிறது. கண்ணுக்குத் தெரியாத இப்படலம் உலோகத்தை இறுகப் பற்றிக்கொண்டு, அடியில் உள்ள பகுதியைக் காக்கிறது. இரும்பின் துருவோ உதிர்ந்துகொண்டே இருப்பதால் அரிப்பு உள்ளே பரவுகிறது. அலுமினியத்தைக் கீறினாலும் அந்த இடத்தில் உடனே புதிய படலம் தோன்றிவிடும். அதோடு, அலுமினியத்தின் எடை அதே அளவுள்ள எஃகின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே, சிறிய படகொன்றை இரண்டு மூன்று பேர் சேர்ந்தே தூக்கிவிடலாம்.

இந்த உலோகம் படகு கட்டுவதற்குப் பயன்பட்டதற்கு விமானங்களே வழிவகுத்தன. 1886ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சார்ல்ஸ் மார்ட்டின் ஹால் என்பவரும், பிரான்சில் பால் எரூ என்பவரும் மின்சாரத்தைக் கொண்டு அலுமினியத்தைப் பிரித்தெடுக்கும் முறையைத் தனித்தனியே கண்டுபிடித்தனர். அதன் பிறகு அலுமினியத்தின் விலை வெகுவாகக் குறைந்தது. இரண்டாம் உலகப் போரின்போது விமானங்கள் கட்டுவதற்கு அது பெருமளவில் பயன்பட்டது. குரும்மன் என்னும் விமான நிறுவனத்தின் துணைத்தலைவர் வில்லியம் ஹாஃப்மன், 1944இல் விடுமுறைக்காக அடிரோண்டாக் மலைப்பகுதிக்குச் சென்றார். அங்குக் கனமான துடுப்புப் படகைச் சுமந்து செல்ல வேண்டியிருந்தபோது, விமானத்துக்குப் பயன்படும் உலோகத்திலேயே படகைக் கட்டினால் என்ன என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. அடுத்த ஆண்டே அந்நிறுவனம் அலுமினியத் துடுப்புப் படகுகளைத் தயாரிக்கத் தொடங்கியது. மினசோட்டாவின் நியூயார்க் மில்ஸ் என்னும் சிற்றூரில் லண்ட் நிறுவனத்தின் அலுமினியப் படகுகள் 1948இல் பிறந்தன.

இவ்வாறு வந்த பழைய படகுகள் பலவற்றில், விமானத்தில் உள்ளதைப் போலவே, அலுமினியத் தகடுகள் தறையாணிகளால் இணைக்கப்பட்டிருக்கும். தறையாணி என்பதை ஆங்கில வழக்கில் ரிவெட் என்பர். ஒரு படகில் நூற்றுக்கணக்கான தறையாணிகள் இருக்கும். பல ஆண்டுகளாக மோட்டாரின் அதிர்வையும் அலைகளின் அடியையும் தாங்கியதால் அவற்றுள் சில தளர்ந்திருக்கும். தளர்ந்த தறையாணியைச் சுற்றித் தலைமுடி அளவு இடைவெளி விழுந்தாலும் நீர் உள்ளே கசியும்.

கசியும் தறையாணியை எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. வழக்கமாகப் படகை நீரில் வைக்கிறோம். இங்கே நீரைப் படகில் வைக்க வேண்டும். படகை உறுதியான தாங்கிகளின் மேல் நிறுத்தி, உள்ளே சிறிது சிறிதாக நீரை ஊற்றுவர். பின்னர், அடியில் குனிந்து, துளி துளியாக நீர் சொட்டும் ஒவ்வோர் இடத்தையும் மைப்பேனாவால் வட்டமிட்டுக் குறிப்பர். இச்சோதனையில் கவனம் தேவை. 4 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு தட்டையான தளத்தில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால், அதன் எடை 400 கிலோகிராம் ஆகும். தாங்கிகள் சரியாக இல்லாவிட்டால் அந்தப் பாரத்தால் படகே வளைந்துவிடும். ஆகவே, தறையாணி வரிசைகள் நனையும் அளவுக்கு நீர் இருந்தால் போதும்.

தளர்ந்த தறையாணியை இறுக்குவதற்கு இருவர் வேண்டும். ஒருவர் படகுக்கு உள்ளே அமர்ந்து, தறையாணியின் வாலில் கனமான எஃகுக் கட்டையை அழுத்திப் பிடிப்பார். மற்றவர் வெளியிலிருந்து அதன் தலையை அடிப்பார். அடி விழும்போது வால் எஃகுக் கட்டையில் மோதி நசுங்கிப் பரவும். தகடுகள் மீண்டும் இறுகும். போர்க்கால விமானத் தொழிற்சாலைகளில் பெண்கள் ஏராளமானோர் இவ்வாறு இருவர் இருவராக நின்று வேலை செய்தனர். அதே வேலையை இன்று தந்தையும் மகளும் தங்கள் வீட்டிலேயே செய்கின்றனர். ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்க முடியாது. “பிடித்துவிட்டேன்” என்ற குரல் உள்ளிருந்து வந்த பிறகே வெளியில் இருப்பவர் சுத்தியலை ஓங்க வேண்டும்.

விரிசல்களைப் பற்றவைத்து அடைக்கலாமே என்று சிலர் எண்ணலாம். அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகிவிடும். அதன் மேலுள்ள ஆக்சைடு படலமோ 2,000 பாகையைத் தாண்டினால்தான் உருகும். மேல்படலம் உருகுவதற்குள் அடித்தகடு உருகி ஓட்டையாகிவிடக்கூடும். படகைக் காக்கும் அதே படலம் பற்றவைப்பவருக்கு இடையூறாகிறது. எனவே, இவ்வேலையைப் பயிற்சி பெற்றவரிடம் விடுவதே நல்லது.

அடுத்துக் கவனிக்க வேண்டியது மரப்பகுதி. அலுமினியப் படகாக இருந்தாலும், மோட்டார் மாட்டப்படும் பின்பலகையின் உட்பகுதியிலும் நடைதளத்திலும் ஒட்டுப்பலகை இருக்கும். அது காலப்போக்கில் உளுத்துவிடும். மோட்டாரின் எடையையும் உந்துவிசையையும் பின்பலகையே தாங்குகிறது. அது வலுவிழந்தால், ஏரியின் நடுவே மோட்டார் பிடிப்பை இழந்துவிடக்கூடும்.

இங்கேதான் பலர் ஒரு பெரிய தவற்றைச் செய்கின்றனர். புதிய பலகை மீண்டும் உளுக்கக் கூடாது என்று எண்ணி, கடையில் விற்கும் பதப்படுத்தப்பட்ட பலகையை வாங்கிப் பொருத்துகின்றனர். அத்தகைய பலகைகள் பலவற்றில் பூச்சியும் பூஞ்சையும் அண்டாமலிருக்கச் செம்புச் சேர்மங்கள் ஊட்டப்பட்டிருக்கும். பலகை நனையும்போது அச்செம்பு அலுமினியத்துடன் சேர்கிறது. செம்பும் அலுமினியமும் நீரும் கூடும் இடத்தில் ஒரு சிறிய மின்கலமே உருவாகிவிடுகிறது. அதில் அழிவது அலுமினியம்தான். இதனை மின்வேதி அரிப்பு என்பர். சில ஆண்டுகளில் பலகை புதிதுபோல் இருக்கும். அதனடியில் உள்ள தகட்டிலோ ஓட்டைகள் விழுந்திருக்கும். சட்டைப்பையிலிருந்து தவறி விழுந்த ஒரு செம்பு நாணயம் படகின் அடித்தளத்தில் ஈரத்துடன் கிடந்தாலும் இதே கேடு நேரலாம். எனவே, செம்பு கலவாத ஒட்டுப்பலகையைத் தேர்ந்தெடுத்து, அதன் எல்லாப் பக்கங்களிலும் ஈப்பாக்ஸி பூசி நீர் புகாதவாறு செய்வதே சரியான முறை.

நடைதளத்தைப் பெயர்த்தால் அதனடியில் நுரைப்பஞ்சுக் கட்டிகள் தென்படும். இவை வீணாக இடத்தை அடைத்திருப்பதாகத் தோன்றலாம். ஆனால், அலுமினியம் நீரைப் போல 2.7 மடங்கு அடர்த்தியானது. படகு தன் வடிவத்தால்தான் மிதக்கிறது. கவிழ்ந்தோ நீர் நிறைந்தோ போனால் தகடு மூழ்கிவிடும். அந்த வேளையில் படகை மேலே தாங்குவது இந்நுரைதான். 100 லிட்டர் கொள்ளளவுள்ள உலர்ந்த நுரை, நீருக்குள் 95 கிலோகிராமுக்கும் அதிகமான எடையைத் தாங்கும். கவிழ்ந்த படகு மிதந்துகொண்டிருந்தால், அதிலிருந்தவர்கள் அதைப் பற்றிக்கொண்டு உதவிக்குக் காத்திருக்கலாம்.

பழைய நுரை பெரும்பாலும் நீரை உறிஞ்சியிருக்கும். 100 லிட்டர் நுரையில் பாதியளவு நீர் புகுந்திருந்தால், படகு 50 கிலோகிராம் கூடுதல் எடையைச் சுமக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒருவர் எப்போதும் படகில் அமர்ந்திருப்பதைப் போன்றது அது. நனைந்த நுரையை அகற்றத்தான் வேண்டும். அகற்றியவர்கள் புதிய நுரையை வைக்காமல் விடுவதுதான் ஆபத்து. அமெரிக்காவில் 1971இல் கூட்டாட்சிப் படகுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்பின், புதிதாகக் கட்டப்படும் சிறு படகுகளுக்கு மிதக்கும் திறன் பற்றிய விதிகளும் வகுக்கப்பட்டன. அதற்கு முந்திய படகைப் புதுப்பிப்பவர் இப்பொறுப்பைத் தாமே ஏற்க வேண்டும்.

பிறகு வருவது வண்ணப்பூச்சு. பழைய பூச்சில் ஈயம் கலந்திருக்கலாம். எனவே, தேய்க்கும்போது தகுந்த முகக்கவசம் அணிந்து, கொட்டகையின் கதவைத் திறந்து வைக்க வேண்டும். இரும்புக் கம்பித் தூரிகையைப் பயன்படுத்தினால் இரும்புத் துகள்கள் தகட்டில் பதிந்து கறை உண்டாக்கும். ஆக்சைடு படலத்தின் மேல் சாதாரண வண்ணம் நன்றாக ஒட்டாது. அதனால், தகட்டைத் தூய்மைப்படுத்தியவுடன் அலுமினியத்துக்கு உரிய அடிப்பூச்சைப் பூச வேண்டும். கடுங்குளிரில் பூச்சும் ஈப்பாக்ஸியும் சரியாக இறுகுவதில்லை. குளிர்காலம் முழுவதும் உழைத்தவர்கள்கூட இவ்வேலைக்கு வசந்தகாலம் வரை பொறுத்திருக்கின்றனர்.

படகின் பின்புறத்தில் மாட்டும் மோட்டாருக்கும் நெடிய வரலாறு உண்டு. விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகரில் வாழ்ந்த ஓல் எவின்ரூட், 1909இல் அத்தகைய மோட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்து புகழ்பெற்றார். நீண்ட நாள் ஓடாத மோட்டாரில் பழைய பெட்ரோலை அகற்றி, கார்புரேட்டரைத் தூய்மை செய்ய வேண்டும். பல மோட்டார்கள் ஏரி நீரை உறிஞ்சித் தம்மைக் குளிர்வித்துக்கொள்கின்றன. அந்நீரை இறைக்கும் சிறிய ரப்பர் சக்கரம் காய்ந்து வெடித்திருந்தால், மோட்டார் சில நிமிடங்களிலேயே அளவுக்கு மீறிச் சூடாகிவிடும். சோதனைக்காக மோட்டாரை இயக்கும்போது குழாய் வழியாக அதற்கு நீர் கொடுக்க வேண்டும். அதனை மூடிய கொட்டகைக்குள் இயக்கவே கூடாது. மோட்டார் வெளியிடும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

படகில் எத்தனை பேர் ஏறலாம்? 20 அடிக்கும் குறைவான நீளமுள்ள படகில் அதற்கான தகடு இல்லையென்றால், அமெரிக்கக் கடலோரக் காவல்படை ஓர் எளிய கணக்கைக் கூறுகிறது. படகின் நீளத்தையும் அகலத்தையும் அடிக்கணக்கில் பெருக்கி, 15ஆல் வகுக்க வேண்டும். 14 அடி நீளமும் 5 அடி அகலமும் கொண்ட படகுக்கு விடை 4.67 என வரும். பள்ளிக் கணக்கில் இதனை 5 என முழுமையாக்கலாம். படகிலோ 4 பேர் மட்டுமே ஏறலாம்.

“ஆழமறியாமல் காலை விடாதே” என்பது நம் முன்னோர் மொழி. பழைய படகைப் புதுப்பிப்போருக்கும் இது பொருந்தும். பளபளக்கும் வண்ணத்தை ஒரே நாளில் பூசிவிடலாம், பார்ப்பவர்களும் பாராட்டுவார்கள். தறையாணியையும் பின்பலகையையும் நுரையையும் வெளியிலிருந்து யாரும் பார்ப்பதில்லை. கரையிலிருந்து வெகுதொலைவில் காற்று எழும்பும்போது, படகில் இருப்பவர்களின் உயிர் யாரும் பார்க்காத அந்த வேலையைத்தான் நம்பியிருக்கிறது.

வசந்தகாலத்தில் ஏரியின் பனிக்கட்டி உருகியதும், புதுப்பித்த படகு இழுவை வண்டியில் கரைக்கு வந்து சேரும். நீரை வெளியேற்றும் துளையின் அடைப்பான் இறுக்கமாக உள்ளதா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்ப்பர். எல்லாரும் உயிர்காப்பு மேலங்கியை அணிவர். படகு நீரில் இறங்கியவுடன் மோட்டாரை முடுக்கமாட்டார்கள். கரையோரம் முழங்கால் ஆழ நீரில் படகைச் சற்று நேரம் நிறுத்தி வைப்பர். பிறகு, யாராவது ஒருவர் குனிந்து நடைதளத்தின் மூடியைத் திறந்து, அடித்தளத்தைக் கையால் தடவிப் பார்ப்பார். கையில் ஈரம் ஒட்டவில்லை என்றால், அந்தப் படகு அடுத்த தலைமுறையைச் சுமக்க ஆயத்தமாகிவிட்டது என்று பொருள்.