நானூறு வாள்களும் இருநூறு அப்பங்களும்

கோபத்துக்கு நியாயமான காரணம் இருப்பது வேறு. அந்தக் கோபத்தில் செய்யப்போகும் காரியம் நியாயமாக இருப்பது வேறு. இந்த வேறுபாட்டை விவிலியத்தில் பளிச்சென்று காட்டும் இடம் 1 சாமுவேல் 25-ஆம் அதிகாரம்.

அரசர் சவுலுக்குத் தப்பி வனாந்தரத்தில் திரிந்த காலத்தில், தாவீதின் ஆட்கள் நாபால் என்ற பணக்காரனின் மந்தைக்கு இரவும் பகலும் காவலாக நின்றார்கள். அவனுக்கு 3,000 செம்மறியாடுகள், 1,000 வெள்ளாடுகள். ஆட்டுமயிர் கத்தரிக்கும் நாள் விருந்து நாள். அன்று தாவீது பத்து இளைஞரை அனுப்பி, இருப்பதில் கொஞ்சம் தரும்படி பணிவாகவே கேட்டார். நாபால் கொடுக்கவில்லை, போதாததற்கு, எஜமானை விட்டு ஓடிப்போகும் வேலைக்காரர்களோடு தாவீதைச் சேர்த்து ஏசினான். தாவீதின் மனத்தாங்கலில் குறை சொல்ல எதுவுமில்லை. முடிவில்தான் இருக்கிறது கோளாறு. 400 பேர் வாளோடு புறப்பட்டார்கள். விடிவதற்குள் அந்த வீட்டில் ஓர் ஆண்கூட மிஞ்சக்கூடாது என்பது தாவீதின் சபதம். ஏசியவன் ஒருவன்; சாக இருந்தவர்கள் அத்தனை பேர். தாவீதின் ஆட்கள் செய்த நன்மையை வாய் நிறையச் சொன்ன நாபாலின் வேலைக்காரனும் அதில் அடக்கம்.

அந்த வேலைக்காரன் சொல்லித்தான் நாபாலின் மனைவி அபிகாயிலுக்குச் செய்தி தெரிந்தது. 200 அப்பம், இரண்டு துருத்தி திராட்சரசம், சமைத்த ஐந்து ஆடுகள், வறுத்த தானியம், 200 அத்திப்பழ அடை எல்லாவற்றையும் கழுதைகளில் ஏற்றி, கணவனிடம் மூச்சு விடாமல் அவர் கிளம்பினார். தாவீதிடம் அவர் பேசியதில் ‘கோபப்படாதீர்கள்’ என்ற புத்திமதி கிடையாது. கணவனுக்கு வக்காலத்தும் இல்லை. நாளை அரசராகும்போது, வீணாகச் சிந்திய இரத்தம் மனதை உறுத்தக்கூடாதே என்பதுதான் அவருடைய வாதம். தாவீது அதை ஏற்றுத் திரும்பிப்போனார்.

நியாயமான கோபம் என்று ஒன்று உண்டா என்பதில் திருச்சபை ஆசிரியர்களே ஒத்துப்போகவில்லை. எகிப்துத் துறவிகளிடம் பயின்று, பின்னர் மார்சேயில் மடங்கள் அமைத்த ஜான் காசியன், பிறர்மீது கொள்ளும் கோபம் எதையும் ஏற்கவில்லை. கண்ணை மூடும் தகடு பொன்னானாலும் ஈயமானாலும் பார்வை மறைவது ஒன்றுதான் என்பது அவர் வாதம். தனியே போய்விட்டால் கோபம் தணியும் என்பதையும் அவர் நம்பவில்லை: ஆளில்லாப் பாலைவனத்தில் நாணல் பேனா சரியாக எழுதாததற்கும், கத்தி மழுங்கியதற்கும், சிக்கிமுக்கிக் கல் சட்டென்று பொறி தராததற்கும் தமக்குக் கோபம் வந்ததை ஒளிக்காமல் எழுதிவைத்திருக்கிறார். 13-ஆம் நூற்றாண்டின் தாமஸ் அக்குவினாஸ் கட்சி வேறு. அறிவுக்குக் கட்டுப்பட்ட கோபம் புகழத்தக்கது, கோபப்பட வேண்டிய இடத்தில் கோபப்படாததும் குறையாகலாம் என்பது அவர் நிலை. ஓய்வுநாளில் சூம்பிய கைக்காரனைக் குணமாக்கும் முன் இயேசு கோபத்தோடு சுற்றிலும் பார்த்தார் என்கிறது மாற்கு 3:5. காசியனின் கண்டிப்புக்கு இந்த வசனம் இடைஞ்சல்தான். ஆனால் அங்கே கோபத்தோடு துக்கமும் இருந்தது, கோபத்தை அடுத்து நடந்தது ஒரு கை குணமானது.

கோபக்காரனுக்கு மட்டும் கட்டளை இட்டு இயேசுவின் மலைப்பிரசங்கம் நிற்கவில்லை. பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வந்தவனுக்கு, தன்மேல் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாக வேண்டும் (மத்தேயு 5:23-24). கோபத்தைக் கிளப்பியவன்தான் நடக்க வேண்டும். கலிலேயாவில் இதைக் கேட்டவர்களுக்குப் பலிபீடம் எருசலேமில் இருந்தது. ஊருக்குத் திரும்பி வருவது பல நாள் நடை.