ஒரு குழல் குறுகினால்...

எடமலைப்பட்டி புதூரில் எங்கள் தெருவில் ஒரு பாட்டி இருக்கிறார். குழாயடியிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவருவதற்குள் இருமுறை உட்கார்ந்துவிடுவார். மலைக்கோட்டைப் படிகளில் ஓடி ஏறியவர்போல் அவருக்கு இரைக்கும். புகை பிடித்தவரல்லர், ஆனால், நாற்பது ஆண்டுகள் விறகடுப்பை ஊதியவர்.

இது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். 2007ஆம் ஆண்டில் திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் புகை பிடிக்காத 900 பெண்களைச் சோதித்தபோது, நூற்றுக்கு இருவருக்கு மேல் இந்நோய் காணப்பட்டது.

நான்காம் படி விதி

மாணவர்களே, இங்கே இயற்பியல் நுழைகிறது. புவாசேய் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1840 வாக்கில் மெல்லிய கண்ணாடிக் குழல்களில் நீரைச் செலுத்தி ஆராய்ந்தார். சீரான ஓட்டத்தில் குழலின் தடை, ஆரத்தின் நான்காம் படிக்கு எதிர்விகிதத்தில் இருப்பதைக் கண்டார். அதாவது, ஆரம் பாதியானால் தடை இரண்டு மடங்கன்று, 16 மடங்கு! புகையால் வீங்கிச் சளி அடைத்த மூச்சுக் குழலிலும் ஏறத்தாழ இதுவே நிகழ்கிறது.

இதயமும் சர்க்கரையும்

பாட்டிக்கு நீரிழிவும் இரத்த அழுத்தமும் உண்டு. "மூணு டாக்டரு, மூணு பை மாத்திரை, உடம்பு ஒண்ணுதானே தம்பி!" என்பார் அவர். எவ்வளவு உண்மை!

நோய் முற்றி ஆக்சிஜன் குறையும்போது, நுரையீரலின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. அங்கும் தடை கூடுகிறது. இதயத்தின் வலப்பகுதி கூடுதலாக உழைத்துக் களைக்கிறது. இரைப்புக்கு அஞ்சி நடக்காமலிருந்தால் தசைகள் மெலியும். அவை எரிக்க வேண்டிய சர்க்கரை இரத்தத்திலேயே தங்கும். மூச்சுத் திணறலுக்குத் தரும் ஸ்டீராய்டு மாத்திரை சர்க்கரையை ஏற்றும். இரத்த அழுத்தத்துக்குரிய சில மருந்துகளோ மூச்சுக் குழல்களைச் சுருக்கிவிடும். ஆகவே எந்த மருத்துவரிடம் சென்றாலும் எல்லா மாத்திரைகளையும் காட்ட வேண்டும். தாமாக எதையும் நிறுத்தக்கூடாது. இப்போது பாட்டியின் மாத்திரைகளையெல்லாம் ஒரே தாளில் எழுதிவைத்திருப்பவள், ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் அவர் பேத்திதான்.

விதி நம் பக்கமும் உண்டு

அழிந்த நுரையீரல் திசு மீளாது. ஆயினும் அதே நான்காம் படி விதி நமக்கும் உதவுகிறது. உறிஞ்சும் மருந்தால் குழலின் ஆரம் ஐந்தில் ஒரு பங்கு விரிந்தால்கூட, தடை ஏறக்குறைய பாதியாகிவிடும்! மருத்துவர் சொன்ன அளவில் தினமும் நடந்தால் தசைகள் வலுப்பெறும்.

உதடுகளைக் குவித்து மெல்ல மூச்சை விடுவதும் நல்ல பயிற்சி. வாயருகே தடை இருப்பதால் உள்ளே காற்றழுத்தம் சற்று உயர்ந்து நிற்கிறது. சிறு குழல்கள் மூச்சு முடியுமுன் ஒட்டிக்கொள்வதில்லை. அன்று அடுப்பை மூட்டக் குவித்த உதடுகள், இன்று பாட்டியின் மூச்சைக் காக்கின்றன. குடத்தைப் பேத்தி தூக்கிக்கொள்ள, பாட்டி உட்காராமலே வீடு வந்து சேர்கிறார்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களின் மாத்திரைகளை ஒரே தாளில் எழுதிவைத்திருக்கிறீர்களா?